கேட்காத குரலைத் தேடுகிறவர்கள்

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் பட்டி போல்டன் என்று ஒரு வாத்தியக்காரர் இருந்தார். 1877இல் பிறந்தவர். முழுப்பெயர் சார்ல்ஸ் போல்டன். கோர்னெட் என்ற ஊதுகருவியை வாசித்தவர். கலியாண வீடுகளுக்கு வரும் பாண்டு வாத்தியக் கோஷ்டிகளில் டிரம்பெட் பார்த்திருப்பீர்கள், அதன் குள்ளமான தங்கைதான் கோர்னெட். 1900க்கும் 1906க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த நகரத்தில் இவருடைய கோஷ்டியை வெல்ல ஆள் இல்லையாம். ஜாஸ் இசைக்கு இவர்தான் முதல் ஆள் என்று பலர் சொல்கிறார்கள். 1907இல் சித்தம் கலங்கி மனநோய் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். 24 வருடங்கள் அங்கேயே கிடந்து 1931இல் இறந்தார்.

இதில் விசேஷம் என்னவென்றால், அவர் வாசித்த ஓர் இசைத்தட்டுக்கூட இன்று இல்லை. ஜாஸ் என்ற பெயரோடு முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1917இல். அதை வாசித்தவர்களோ வெள்ளைக்காரர்கள். போல்டன் அப்போது பத்து வருடமாக வைத்தியசாலைக்குள் இருக்கிறார். ஆனாலும் உலகமெங்கும் அவரைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நூறு வருடம் கழித்தும் தேடுகிறார்கள்.

ஜாஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஹோட்டலில் கோட்டுப் போட்டவர்கள் கேட்கும் இசை என்ற எண்ணந்தான் வரும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டாக்கிய இசை. பருத்தித் தோட்டத்தில் வேலை செய்யும்போது பாடிய பாட்டு, தேவாலயத்தில் பாடிய பாட்டு, ஊர்வலத்துக்கு வாசித்த பாண்டு எல்லாம் கலந்து வந்தது. எழுதி வைத்ததை அப்படியே வாசிக்காமல், நம்முடைய நாதஸ்வரக்காரர் ராகம் ஆலாபனை செய்வதுபோல வாசிக்கும்போதே மனதிலிருந்து சேர்த்துக்கொண்டு போவார்கள். தோட்டத்தில் பிறந்த பாட்டு என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்கு அதில் ஒட்டுதல் வந்தது.

போல்டனின் கதை என் காதுக்கு வந்தது மகள் மூலம். அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில் ஒரு நாவலைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். எழுதியவர் மைக்கல் ஒண்டாச்சி. 1943இல் கொழும்பில் பிறந்தவர், பிறகு கனடாவில் குடியேறியவர். இவருடைய தகப்பன் வழிக் குடும்பம் கேகாலையில் இருந்த குடும்பம். நம் ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் 1976இல் எழுதிய முதல் நாவல் நம் ஊரைப் பற்றியதல்ல, இந்த பட்டி போல்டனைப் பற்றியது! ‘கமிங் த்ரூ ஸ்லோட்டர்’ என்பது அதன் பெயர். ஸ்லோட்டர் என்பது ஓர் ஊரின் பெயராம். மகள் பின்னேரங்களில் வாசித்துத் தமிழில் சொல்லுவாள், நான் தேங்காய் துருவிக்கொண்டு கேட்பேன்.

“தட்டே இல்லையென்றால் இவர் நன்றாக வாசித்தார் என்று எப்படித் தெரியும்?” என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விதான் எங்கள் இரண்டு பேரையும் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனது.

தெரிந்தது இப்படித்தான். 1930களில் அமெரிக்காவில் பழைய இசைத்தட்டுச் சேர்க்கும் பைத்தியங்கள் சிலர் இருந்தார்கள். (பைத்தியம் என்று அன்பாகத்தான் சொல்கிறேன்.) சம்பளம் கிடையாது. வேறு வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் கிழட்டு வாத்தியக்காரர்களைத் தேடிப்போய்க் கதை கேட்டார்கள். கேட்டவற்றை 1939இல் ஒரு புத்தகமாகப் போட்டார்கள். அதற்கு முந்திய வருடம் ஜெலி ரோல் மோர்ட்டன் என்ற பியானோக் கலைஞரை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உட்காரவைத்து அவருடைய ஞாபகங்களையெல்லாம் வாசிப்போடு சேர்த்துப் பதிவு செய்திருந்தார்கள். அவர் போல்டனை நேரில் கேட்டவர். 1958இலிருந்து அந்த நகரத்தின் டுலேன் பல்கலைக்கழகத்தில் இந்த ஆர்வலர்களே ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு முதியவர்களின் வீடு வீடாகப் போனார்கள். இன்று அந்தப் பதிவுகள் இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. கண்டியில் இருந்துகொண்டே கேட்கலாம். அந்த ஆங்கிலம் எனக்கு முக்கால்வாசி புரியாது. ஆனால் கிழவர் ஒருவர் எதையோ நினைவுபடுத்தப் பார்த்துத் தடுமாறுவது எந்தப் பாஷையிலும் புரியும்.

போல்டன் ஊதினால் பல மைல் தூரம் கேட்கும் என்று அவர்கள் சொன்னார்கள். கண்டி ஏரிக்கரையில் ஊதினால் பேராதனைப் பாலத்தடியில் கேட்கும் என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி. அவருடைய கோஷ்டியில் இருந்த வில்லி கோர்னிஷ் என்பவர், 1890களின் கடைசியில் ஒரு மெழுகு உருளையில் தாங்கள் வாசித்ததைப் பதிவு செய்ததாகச் சொல்லியிருக்கிறார். தட்டு வருவதற்கு முன் உருளைதான் இருந்தது. அதைத் தேடியவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் கையிலும் அகப்படவில்லை. மிஞ்சியது கோஷ்டியின் ஒரேயொரு புகைப்படம். அதிலும் ஒரு வழக்கு இருக்கிறது. படத்தை ஒரு பக்கமாக அச்சிட்டால் ஒருவர் இடது கையால் வாசிக்கிறவராகத் தெரிகிறார், மறுபக்கமாகத் திருப்பிப் போட்டால் இன்னொருவர் இடது கைக்காரராகி விடுகிறார். எது சரியான பக்கம் என்று ஆர்வலர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வரலாம். ஒரு மனிதனிடம் இந்த அளவு பாசம் வைக்க ஆள் இருப்பது லேசான காரியமா?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் போல்டன் அல்ல. டொனால்ட் மார்க்விஸ் என்ற ஆராய்ச்சிக்காரர். போல்டன் தலைமுடி வெட்டும் கடை வைத்திருந்தார், ஊர்வம்பு எழுதும் பத்திரிகை ஒன்றை நடத்தினார் என்றெல்லாம் அந்த 1939 புத்தகம் சொல்லியிருந்தது. எல்லாரும் அதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள். ஒண்டாச்சியின் நாவலிலும் அப்படியே வருகிறது. நாவல்தானே, அதில் குற்றமில்லை. மார்க்விஸ் என்ன செய்தார் என்றால், நகரத்தின் பழைய விலாசப் புத்தகங்கள், தேவாலய ஞானஸ்நானப் பதிவுகள், பொலிஸ் ஏடுகள், வைத்தியசாலைக் கோவைகள் எல்லாவற்றையும் வருடக்கணக்காகப் புரட்டினார். கடையும் இல்லை, பத்திரிகையும் இல்லை என்று கண்டுபிடித்தார். 1978இல் அவருடைய புத்தகம் வந்தது. ஊரையே மயக்கிய அந்த மனிதரைப் பற்றி அவர் வாசித்த காலத்தில் பத்திரிகையில் வந்த செய்தி ஒன்றே ஒன்று. அதுவும் இசையைப் பற்றியதல்ல. 1906இல் சித்தம் கலங்கிய நிலையில், வீட்டில் தன்னைப் பராமரித்த பெண்ணைத் தண்ணீர்க் கூஜாவால் அடித்ததற்காகப் பிடிபட்டார் என்ற செய்தி. அந்தக் கோர்னெட்டின் பெருமைக்குப் பின்னால் ஒரு வீட்டில் பெண்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதும் இப்படித்தான் வெளியே வந்தது.

மகளுக்குக் கடை இல்லை என்றதில் ஏமாற்றம். எனக்கு நேர்மாறு. ஒருவர் மேல் ஆசை வைத்தவர்களே அவரைப் பற்றிய பொய்யையும் கழித்து வைக்கிறார்களே என்று இருந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது என் மனம் நம் மலைநாட்டுக்கே திரும்பத் திரும்ப வந்தது. நம்மிடமும் ஒரு போல்டன் உண்டு. அவர் ஒரு பெண்.

சகோதரிகளில் சிலர் மீனாட்சியம்மாள் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோ. நடேசய்யரின் துணைவியார். நடேசய்யர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ‘தேசபக்தன்’ பத்திரிகை நடத்தி, 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். 1936 முதல் அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் உறுப்பினர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், புடவை விற்கிறவர் போல வேடம் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போனவர் என்று சொல்லுவார்கள். அவருடைய கூட்டங்களில் முதலில் மேடை ஏறியவர் மீனாட்சியம்மாள். பேச்சுக்கு முன் பாட்டு. பாரதியார் பாட்டும் பாடுவார், தானே கட்டிய பாட்டும் பாடுவார். வாசிக்கத் தெரியாத மக்களுக்குப் பத்திரிகை எட்டாது. பாட்டு எட்டும், அடுத்த நாள் காலையில் மலைக்கும் போகும்.

அவருடைய பாட்டுகள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் 1940இல் வெளிவந்தன. அது எப்படிப்பட்ட காலம் என்று பாருங்கள். 1939இல் அரசாங்க வேலையில் இருந்த நாட்கூலி இந்தியர்களை நிறுத்தினார்கள். 1940 ஜனவரி 10ஆந் திகதி, ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். அப்பேர்ப்பட்ட நாட்களில் ஒரு பெண் மேடையேறிப் பாடுவதென்றால் அதற்குத் தொண்டை மட்டும் போதாது.

அவர் பாடிய விதத்தை இன்று நாம் கேட்க முடியாது. வரிகள் இருக்கின்றன, குரல் இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். கே. பி. சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். நாடகக் கோஷ்டியோடு இலங்கைக்கு வந்து இளம் வயதிலேயே பெயர் வாங்கினார். எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது 1926இல், கொழும்பில். 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன் பின் வெள்ளைச் சேலைதான். அவரும் மேடைகளில் சுதந்திரப் பாட்டுகள் பாடியவர். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு பெண்கள் இந்தத் தீவின் மேடைகளில் நின்று பாடியிருக்கிறார்கள். ஒருவரின் குரல் இசைத்தட்டில் ஏறியது, மற்றவரின் குரல் ஏறவில்லை. தட்டுக் கொம்பனிக்கு விற்பனையாகும் நாடகப் பாட்டு வேண்டும். கூலி உயர்வு கேட்கும் பாட்டை எந்தக் கொம்பனி பதிவு செய்யப் போகிறது?

அந்தக் காலத் தட்டு அரக்கில் செய்தது. மாத்தளைப் பக்கம் ஹப்புவிடக் கிராமத்தில் நகத்தால் இழுத்துக் கைத்தடிக்கும் பெட்டிக்கும் பூவேலை செய்கிறார்களே, அதே இன அரக்குத்தான். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம் பாட்டு. கை தவறினால் ஓடு மாதிரி உடையும். உடையாமல் தப்பியவற்றை வைத்திருந்தவர்கள் இன்று ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றுகிறார்கள். சிலர் தட்டு சுழல்வதையே படம் பிடித்துப் போடுகிறார்கள். சிலர் தட்டின் இலக்கம், கொம்பனி, ஹார்மோனியம் வாசித்தவர் பெயர் எல்லாம் எழுதுகிறார்கள். நல்ல ஆர்வலர் யார், சும்மா ஏற்றுகிறவர் யார் என்று இதிலேயே தெரிந்துவிடும். பாட்டை மட்டும் போட்டுவிட்டு யார் பாடியது என்று எழுதாமல் போகிறவர்கள்மீது எனக்குக் கோபமுண்டு. 1902இல் கல்கத்தாவில் கோஹர் ஜான் என்ற பாடகி தட்டுகளுக்குப் பாடியபோது, பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லி முடித்தார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கிருந்தவர்களுக்குப் பாடியது யாரென்று தெரிய வேண்டுமே! நூற்றிருபது வருடம் கழித்தும் அந்தப் பெயர் கேட்கிறது.

தட்டில் ஏறாத மீனாட்சியம்மாள் எப்படித் தப்பினார்? அதற்கும் நம்மிடம் ஆர்வலர்கள் இருந்தார்கள். சாரல்நாடன் என்று நாம் அறிந்த எழுத்தாளர், தோட்டத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பழைய பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடியலைந்தார். அவருடைய ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ 1988இல் கண்டியிலிருந்து வெளிவந்தது. அதற்கு முன்பே ஸி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தொகுத்திருந்தார். அந்தனி ஜீவாவின் ‘கொழுந்து’, கண்டியிலிருந்து வந்த ‘குன்றின் குரல்’ போன்ற சஞ்சிகைகள் மலையகத்து ஆட்களைப் பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து போட்டன. யாருக்கும் இதற்காக ஒரு சதமும் வந்திருக்காது. கைக்காசுதான் போயிருக்கும்.

அச்சிட்டது சில நூறு பிரதிகள். மலைநாட்டு ஈரத்துக்கும் கறையானுக்கும் அவை எம்மாத்திரம்? 1983இல் எத்தனை வீடுகளோடு எத்தனை அலுமாரிப் புத்தகங்கள் எரிந்தன என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த நிலையில்தான் 2005இல் சில இளைஞர்கள் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தைத் தொடங்கினார்கள். இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கலியாண மலர், நினைவு மலர் வரைக்கும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து ஏற்றினார்கள். எல்லாம் தொண்டர் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், ஆசிரியர் பெயர், வெளியீட்டாளர், ஆண்டு. யாரும் இலவசமாக வாசிக்கலாம். ஒலிப்பதிவுகளுக்கும் படங்களுக்கும் ‘ஆவணகம்’ என்று இன்னொரு தளமும் வைத்திருக்கிறார்கள். பழைய ‘குன்றின் குரல்’ இதழொன்றைத் தேடி நான் கண்டியில் ஏறி இறங்காத இடமில்லை. கடைசியில் அது என் சமையலறை மேசையில், மகளின் கைத்தொலைபேசிக்குள் கிடைத்தது.

இனி எங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன்.

என் அம்மா 1941இல் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 40 வருடம் கொழுந்து எடுத்தவர். இப்போது கண்டியில் என்னோடு இருக்கிறார். அவரிடம் ஒரு பாட்டு இருக்கிறது. பெரட்டுக்களத்தையும் அரைப்பேர் போடும் கணக்கப்பிள்ளையையும் பற்றிக் கேலியும் கோபமுமாகப் போகும் பாட்டு. தன் அம்மாவிடம், அதாவது என் அம்மாயியிடம், மலையில் நிரை பிடித்தபடி கேட்டுப் படித்தது. “இது நடேசய்யர் வீட்டம்மா கட்டின பாட்டு. எங்க அம்மா கூட்டத்துல கேட்டு வந்துச்சு” என்பது அம்மாவின் உறுதியான வாக்கு.

நானும் மகளும் இதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தோம். பிறகு, மீனாட்சியம்மாளின் பாட்டு வரிகள் எங்கெங்கே அச்சாகியிருக்கின்றனவோ, எங்களுக்குக் கிடைத்த அத்தனையையும் பார்த்தோம். அம்மாவின் பாட்டு அவற்றில் இல்லை. ஸி. வி. தொகுத்தவற்றில் ஒத்த சாயலுள்ள வரிகள் கண்ணில் பட்டன, பாட்டு வேறு.

அம்மாவிடம் சொன்னேன். முகம் இருண்டுவிட்டது. “அப்ப எங்க அம்மா பொய் சொல்லிச்சா?” என்று கேட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாயத்தண்ணி கொடுத்தால், “வச்சிட்டுப் போ” என்பார். 85 வயதை எட்டும் நேரத்தில் ஒரு மனுஷியிடம் போய் உன் தாயிடமிருந்து வந்த சொத்துக்கு உறுதி எங்கே என்று கேட்டால் கோபம் வராதா? எழுதியவர் மீனாட்சியம்மாள் என்று போட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கே ஒரு சபலம் வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம், பாட்டுக்கும் ஒரு மரியாதை. அப்போது மகள்தான் அந்த முடிவெட்டும் கடையை ஞாபகப்படுத்தினாள்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, 1970களில் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். 1964 ஒப்பந்தம் எங்கள் குடும்பத்தையும் இரண்டாக வகுத்தது. கூடலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, இந்தப் பாட்டுத் தெரியுமா என்று கேட்டோம். அம்மா பாடியதை அனுப்பவில்லை. முதல் இரண்டு சொல்லை மட்டும் சொன்னோம். இந்த உபாயம் மகளுடையது. முழுவதையும் கேட்டால் அந்தப் பக்கத்து ஞாபகம் இந்தப் பக்கத்து ஞாபகத்தோடு கலந்துவிடும் என்றாள். அடுத்த நாள் சித்தி பாடி அனுப்பினார். பின்னால் கோழி கத்துகிறது, யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள், நடுவில் இருமல். மெட்டு அதே மெட்டு! கணக்கப்பிள்ளை வரும் அடி அங்கே இல்லை. அதற்குப் பதில் கடன் எழுதும் கடைக்காரர் வருகிறார். ஒரு மலையின் பெயர் அம்மாவின் பாட்டில் ஒன்று, சித்தியின் பாட்டில் வேறொன்று. ஐம்பது வருடம் கடலுக்கு இரு பக்கமும் கிடந்த பாட்டு இவ்வளவுக்கு ஒத்திருந்ததைக் கேட்டு நாங்கள் மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

பாட்டின் கடைசியில் சித்தி ஒன்று சொன்னார். “அந்த அம்மா கட்டினதுன்னு நானும் கேள்விப்பட்டேன். ஆனா நம்ம மலையில அடிய மாத்திப் பாடுறது ஒரு பெரியம்மா. அவதான் ஒவ்வொரு நாளும் ஒண்ணு சேர்ப்பா.”

அம்மாவுக்கு அந்தப் பெரியம்மா ஞாபகத்துக்கு வந்துவிட்டார். கோபம் போன இடம் தெரியவில்லை. அவருக்கு முன்பல் இல்லை என்பதும், மழை நாளில் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முந்தி நிரையில் ஏறுவார் என்பதும், கங்காணி வந்தால் பாட்டை அப்படியே சாமி பாட்டாகத் திருப்பிவிடுவார் என்பதும் வரிசையாக வந்தன. ஜாஸ்காரர்கள் வாசிக்கும்போதே மாற்றுவார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். “அது என்ன பெரிய விஷயம்” என்றார் அம்மா.

இப்போது அந்தப் பதிவோடு நாங்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்பு இதுதான். பாடியவர் இன்னார், பிறந்த வருடம், தோட்டம், பதிவு செய்த திகதி, இடம் கண்டி. தன் தாயிடம் மலையில் கேட்டுப் படித்தது. இதைக் கட்டியவர் மீனாட்சியம்மாள் என்று தன் தாய் சொன்னதாகப் பாடியவர் சொல்கிறார். கூடலூரில் இருக்கும் தங்கையும் அவ்வாறே கேள்விப்பட்டிருக்கிறார். அச்சில் இதுவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. மலையில் இன்னொரு பெண் அடிகள் சேர்த்துப் பாடியதாகவும் தங்கை சொல்கிறார். இவ்வளவும் எழுதினால்தான் பிறகு வரும் யாரோ ஒரு மார்க்விஸுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனி இருக்கும். கட்டியவர் பெயரை மட்டும் போட்டிருந்தால் அந்தப் பல்லில்லாப் பெரியம்மா இல்லாமலே போயிருப்பார்.

வீட்டில் பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் உள்ளவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் ஒன்றிரண்டு சொல்லலாம். மின்விசிறியையும் ரி.வி.யையும் நிறுத்திவிட்டு, தொலைபேசியை மேசையில் துணி மடித்து அதன் மேல் வையுங்கள். பாட்டுக்கு முன் கதை பேசவிடுங்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள். வரி மறந்தால் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள். இரண்டாம் நாள் திரும்பப் பாடச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் அம்மா இரண்டாம் தடவை ஓரடி கூடுதலாகப் பாடினார். பதிவை ஒரு தொலைபேசியில் மட்டும் வைக்காமல் இன்னும் இரண்டு இடத்தில் வையுங்கள்.

கோஹர் ஜான் கதையைச் சொல்லி, பாட்டின் முடிவில் பெயரைச் சொல்லுங்கள் என்று அம்மாவிடம் கேட்டபோது வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். “என் பேரு எதுக்கு புள்ள?” பிறகு மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. தன் தாயின் பெயர், தங்கையின் பெயர், அந்தப் பெரியம்மாவின் பெயர், அந்த நிரையில் கூடப் பாடியவர்களின் பெயர் என்று விரல் மடக்கத் தொடங்கினார். ஒன்பது வரைக்கும் வந்தது. பத்தாவது ஆள், சிவப்புக் கண்டாங்கி கட்டுகிறவர், ஆற்றோரத்துக் கடைசிக் காம்பரா. பெயர் மட்டும் வரவில்லை. “இரு, நாளைக்குச் சொல்றேன்” என்றார். தொலைபேசியை நான் இன்னும் அந்த மேசையில்தான் வைத்திருக்கிறேன்.